கடைவாய்ப்பல் காய்த்த பூசணி

மஞ்சநீர்க்குளத்தில் பல் பிடுங்கிக்கொண்டவர் யாராக இருந்தாலும், வாயில் பஞ்சைக் கடித்தபடியே கொல்லைக்குப் போய் ஒரு செடியை நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று டாக்டர் பியூலா ஜெபராணி சட்டம் போட்டிருந்த காலத்தில், முணுமுணுத்துக்கொண்டே ஊரும் அதற்குக் கட்டுப்பட்டு, பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் பீர்க்கும் புடலையும் தழைத்துக் கிடந்த காலத்தில், அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குக் கைக்கு உதவியாக இருந்த ஆவுடையம்மாளின் வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தார். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். வந்து பதினோரு வருசம் ஆகியிருந்தது.

விருந்தாளி வேறு யாருமில்லை, ஆவுடையம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் பரமார்த்தலிங்கம்தான். அவள் புருசன் செத்த பதினாறாம் நாள் விசேசத்துக்கு ஒரு தோல்பையோடு வந்து இறங்கினார். அந்தப் பையை அவர் ஒருநாளும் பிரித்து அலமாரியில் அடுக்கியதில்லை. தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு துண்டை மடித்துப் பைக்குள் வைத்து, பையைத் தூக்கி வாசல்படி வரைக்கும் வந்து, "அப்பம் நான் கிளம்புதேன்" என்பார். ஆவுடையம்மாள் அடுப்படியில் இருந்தபடியே, "இருங்கண்ணே, என்ன அவசரம்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்லா" என்பாள். வீட்டுக்கு வந்தவரைப் போ என்று சொன்ன வாய் அந்தப் பக்கத்தில் இன்னும் முளைக்கவில்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டுப் பையை உள்ளே கொண்டுபோய் வைப்பார். அவளும் ஒரு பெருமூச்சு விட்டு அரிசி களைவாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு உள்ளறை, அதில் ஒரே ஒரு ஃபேன். அறையும் ஃபேனும் அண்ணனுக்கு என்று ஆகிவிட்டதால் ஆவுடையம்மாள் ஆட்டுரலுக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள், பதினோரு வருசமும் அப்படியே படுத்தாள். அவரோ ராத்திரி ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டு, ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டுப் போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொள்கிற மனுசனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஆனால் எப்படிச் சொல்வது? அப்பா இல்லாத வீட்டில் மில்லுக்கு ஓடி ஓடி உழைத்து அவளைக் கட்டிக்கொடுத்தவர் அவர். பொறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்ததும் அவர் ஒருத்தர்தான். அவர் கோபித்துக்கொண்டு போனால் அந்தக் கதவும் சாத்திவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள், கடித்துக் கடித்து ஒரு பங்குனி மாதத்தில் கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. டாக்டரம்மா அதைப் பிடுங்கிப் போட்டாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் ஆவுடையம்மாளும் பஞ்சைக் கடித்துக்கொண்டு போய் ஒரு பூசணி விதை ஊன்றினாள்.

இந்தத் தோட்டம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சநீர்க்குளத்துக்காரர்களுக்கு மூன்று கரண்டி சீனி போட்டால்தான் அது காப்பி. காலையில் பூரி, மாலையில் பரோட்டா, நடுவில் மிட்டாய். பத்து வயசுப் பிள்ளைகள் சிரித்தால் வரிசைக்கு நாலு பல் கறுத்திருக்கும். டாக்டர் பியூலா வந்த முதல் வருசம் பிடுங்கினாள், பிடுங்கினாள், கை வலிக்கப் பிடுங்கினாள். பிறகு ஒருநாள் குறட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஆவுடையக்கா, இந்த ஊர்ல பல்லுக்கு வைத்தியம் வாயில இல்ல, தட்டுல இருக்கு" என்று சொல்லி, பின்னால் கிடந்த சீமைக்கருவேலங்காட்டை வெட்டிச் சாய்த்துப் பாத்தி கட்டினாள். விளைந்ததைப் புதன்கிழமை தோறும் சும்மாவே ஊருக்குக் கொடுத்தாள். சும்மா கிடைக்கிறதே என்று ஊரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டது. ஊரில் ஆடுகளின் பற்கள் மட்டும் முத்து முத்தாக மின்னின.

இந்தத் தோட்டத்தில்தான் ஆவுடையம்மாள் ஒரு காரியம் செய்தாள். பிடுங்கிய பல்லை மஞ்சள் பையில் போட்டு, வாரம் ஒருமுறை வருகிற வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது முறை. ஆனால் பல்லைக் குப்பையில் போட யாருக்குத்தான் மனசு வரும்? விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிகிற சனம் அது. பெரிய ஆட்கள் பல்லை இழந்துவிட்டு, "ஆவுடை, என் பல்லைப் பத்திரமா எங்கயாவது சேத்துரு தாயி" என்று கண்ணால் கெஞ்சிவிட்டுப் போவார்கள். டாக்டரம்மாவோ செடிக்கு எலும்புத்தூள் நல்லது என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் யோசித்தாள். பல்லும் எலும்புதானே, எலும்பும் உரம்தானே, அவரவர் பல் அவரவர் செடிக்கு என்றால் யாருக்கு என்ன மனக்குறை? இப்படி யோசித்து, யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு பல்லையும் அதன் சொந்தக்காரர் வைத்த செடியின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் புதைத்துக்கொண்டே வந்தாள். தன் பல்லையும் அப்படித்தான் புதைத்தாள்.

அவள் பல்லைப் புதைத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, தாயம்மாள் டீச்சர் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு காயை எடுத்துக் கடித்து மென்று விழுங்கிவிட்டு, மனைவியை நிமிர்ந்து பார்த்து, "மூணு மாசமா ரவிக்கையைத் தச்சு ஆணியில தொங்கப்போட்டு வச்சிருக்கேன், வந்து எடுத்துட்டுப் போறதுக்கு என்ன கேடு?" என்றார். சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு நேரே தையல்காரர் மாடக்கண்ணு கடைக்குப் போனாள். ரவிக்கை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு ரெண்டு மாதத்துக்கு முன்னால் முன்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்தில் கத்தரி நட்டவர் என்பது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. ரவிக்கை அளவு சரியாக இருந்ததால் அவள் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை.

இன்னும் நாலு வீட்டுச் சாப்பாட்டிலும் இப்படியே நடக்க, அந்த வாரமே ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. யார் பல் எந்தச் செடிக்கடியில் கிடக்கிறதோ, அவர் சொல்லாமல் அடக்கி வைத்த பேச்சு அந்தச் செடியின் காயில் ஏறும், தின்றவர் வாய்வழியாக வெளியே வரும். ஒரு கவளத்துக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான். டாக்டர் பியூலா தன் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். எதிலும் இல்லை. ஆவுடையம்மாளைக் கூப்பிட்டு மஞ்சள் பை ஏன் இத்தனை நாள் காலியாகப் போனது என்று கேட்டு, பதிலையும் கேட்டுக்கொண்டு, இனிமேல் வருகிற பல்லை ஒழுங்காக வண்டியில் ஏற்றச் சொன்னாள். பிறகு வாசல் கரும்பலகையில், "காய்களை நன்றாகக் கழுவிச் சமைக்கவும்" என்று எழுதிப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஆடுகளுக்குக் காய்கறி கிடைக்கவில்லை. புதன்கிழமை வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டது. சுரைக்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா பிஞ்சா என்று கேட்ட சனங்கள் இப்போது, "இது யாரு பல்லு?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் பல்லுக்குத்தான் கிராக்கி. பச்சைக்காயை ஏறெடுத்துப் பாராத ஆம்பிளைகள், தங்களைப் பற்றி மச்சினன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள மூன்று வேளையும் பீர்க்கங்காய் தின்றார்கள். பிள்ளைகள், வாத்தியார் வைத்த வெண்டைச் செடி எப்போது காய்க்கும் என்று தோட்டத்து வேலியிலேயே தொங்கினார்கள். மாமியாரிடம் நேராகச் சொல்ல முடியாத ஒரு மருமகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சொத்தையே இல்லாத பல்லைக் காட்டி, இதைப் பிடுங்கிப் புடலங்கொடிக்கு அடியில் போடுங்கள் என்று கேட்டாள். "நல்ல பல்லைத் தொட மாட்டேன், நேரா போய்ச் சொல்லும்மா" என்றாள் டாக்டர். "அதுக்கு நாலு பல்லைப் பிடுங்கிக்கிடலாம்" என்று அழுதுகொண்டே போனாள் அந்தப் பெண். ஆடு திருடு போன வழக்கில் ஏட்டு துரைப்பாண்டி, சந்தேகப்பட்டவனின் பல்லில் விளைந்த கொத்தவரங்காயை ஸ்டேசனிலேயே பொரியல் பண்ண வைத்து, அவசரத்தில் தானே தின்றுவிட்டு, இன்ஸ்பெக்டர் முன்னால், "ஆட்டை நாந்தான் பிடிச்சேன், நேத்தே கறிவச்சுத் தின்னாச்சு" என்று சொல்லித் தொலைத்தார். வழக்கில் ஒரு வாரம் அவர் பெயர்தான் இருந்தது.

இப்படி ஊர்வம்பு கேட்கும் ஆசையில் ஊரே காய்கறி தின்றது. தின்னத் தின்ன வயிறு நிறைந்தது, வயிறு நிறைய நிறைய மிட்டாய் குறைந்தது. ஆனி மாதம் பிறந்தபோது, ரெண்டு மாதமாகப் புதுச் சொத்தை ஒன்றுகூட வரவில்லை என்று டாக்டர் பியூலா காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகை படித்தாள். ஊரில் சண்டைகள் கூடின என்பதும் உண்மை. ஆனால் நன்றாக மென்று தின்று தெம்பாகப் போட்ட சண்டைகள் அவை.

நிம்மதி இல்லாதவள் ஆவுடையம்மாள் ஒருத்திதான். அவள் பூசணிக்கொடி பத்துப் பூ பூத்து, ஒன்பதை உதிர்த்துவிட்டு, ஒரே ஒரு பிஞ்சைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிஞ்சு செம்பளவாகி, குடமளவாகி, தவலையளவாக ஊதிக்கொண்டே போனது. பதினோரு வருசப் பேச்சு அல்லவா, அதற்கு இடம் வேண்டாமா? அறுத்து எறிந்துவிடலாம் என்று ஒருநாள் அரிவாளோடு போனாள். அங்கே டாக்டரம்மா அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, "என்ன கைராசிக்கா உங்களுக்கு!" என்று நின்றாள். ஆவுடையம்மாள் அரிவாளால் பக்கத்தில் இருந்த புல்லை அறுத்துவிட்டு வந்தாள். அண்ணனும் சாயங்காலம் நடக்கப் போகிறபோது வேலியோரம் நின்று அந்தக் காயை ஆசையாகப் பார்த்து, "யாத்தாடி, என்ன பருமன்! அறுத்தா எனக்குக் கூட்டு வச்சுத் தரணும் பாத்துக்க" என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். காய் பழுத்ததும் யாருக்கும் தெரியாமல் அறுத்து, தினம் மத்தியானம் டாக்டரம்மா வீட்டுக்குப் போன நேரத்தில், பல் பிடுங்கும் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவது. தன் பேச்சைத் தானே நாற்காலியிடம் பேசித் தீர்த்துவிடுவது. ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் வந்துவிட்டது. சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்க, ஆவுடையம்மாள் விடிந்ததில் இருந்து கையுறையைக் கழற்ற நேரமில்லாமல் கண்ணாடியும் குறடும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. சமையல்காரர் கோலப்பன் சாம்பாருக்குக் காய் போதவில்லை என்று டாக்டரிடம் வந்து நின்றார். டாக்டர் ஒரு பிள்ளையின் வாய்க்குள் பார்த்தபடியே, "தோட்டத்துல பெரிசா எது இருக்கோ அதை அறுத்துக்கோங்க" என்றாள். அது ஆவுடையம்மாளின் காதில் விழவில்லை. சாம்பார் கொதிக்கிற வாசம் வந்தபோதுதான் அவள் மூக்கு அதைக் கண்டுபிடித்தது. பூசணி வாசம். கையில் இருந்த குறட்டை முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் மடியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

பந்தி தொடங்கிவிட்டது. முதல் இலையில் தலைமையாசிரியர் ஒரு கவளம் போட்டு மென்று விழுங்கி, பக்கத்து இலைக்காரரைப் பார்த்துத் தன் கட்டைக்குரலில், "எப்பம்ணே போவிய?" என்றார். பக்கத்து இலைக்காரர், "நான் காலை நீட்டிப் படுத்துப் பதினோரு வருசம் ஆச்சே" என்றார். அதற்கடுத்தவர், "ஃபேனை அஞ்சுல வச்சுட்டுப் போர்வை ஒரு கேடா?" என்றார். தாயம்மாள் டீச்சர், "ரேடியோவைக் கொஞ்சம் மெதுவா வச்சாத்தான் என்ன?" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக, பாடம் ஒப்பிப்பதைப் போல, "எப்பம்ணே போவிய, எப்பம்ணே போவிய" என்றார்கள். ஏட்டு துரைப்பாண்டி ஒரு பெரிய உருண்டையை விழுங்கிவிட்டு, மீசையில் பருப்பு ஒட்டியிருக்க, "பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கது நீங்க ஒருத்தருதானண்ணே, அதனாலதான் வாயைத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை உருட்டினார். யார் பல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருடைய தலையும் முதல் வரிசை ஓரத்துக்குத் திரும்பியது. அங்கே பரமார்த்தலிங்கம் இருந்தார்.

அவர் இன்னும் வாய் வைக்கவில்லை. சாம்பாரைப் பிசைந்து நன்றாக ஊறவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆவுடையம்மாள் கையுறை மாட்டிய இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "சாப்பிடாதீங்கண்ணே!" என்று கத்தினாள். பதினோரு வருசத்தில் அவரிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தன்னிடம் தானே, "ரெண்டு நாள்னு சொல்லித்தானண்ணே வந்திய?" என்று கேட்டுக்கொண்டார்.

பந்தி ரசத்துக்கு நகர்ந்தது. ஆவுடையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அப்போது அவர் சிரித்தார், புரையேறும்வரை சிரித்தார்.

"ஏட்டி கிறுக்கி, தினம் காலைல நான் பையைத் தூக்கிட்டு வாசலுக்கு வரலையா? நீதான இருங்கண்ணே, இருங்கண்ணேன்ன? புருசனை எழவு கொடுத்தவ, தனியா கிடக்கப் பயந்துதான் கேக்கான்னு நெனச்சேன். வாய்விட்டுக் கேக்கவள விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஊர்ல என் எலுமிச்சை மரம் ரெண்டும் தண்ணியில்லாம பட்டுப் போச்சோ என்னமோ!"

"அப்பம் அந்த ஃபேனு?" என்றாள் அவள், அழுகையை மீறி.

"வந்த அன்னைக்கு நீதானட்டி அஞ்சுல வச்சுட்டுப் போன? கொறச்சா நீ மனசு சங்கடப்படுவியேன்னு தொடல. எனக்குக் குளுருது, போத்திக்கிட்டேன்."

"நீங்களும் ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கலாம்லாண்ணே."

"எனக்கு எல்லாப் பல்லும் நல்லா இருக்கே, என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு அவர் ரசத்துக்குக் குழி பண்ணினார்.

மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு துண்டை மடித்துப் பைக்குள் வைத்து, பையைத் தூக்கி வாசல்படிக்கு வந்து, "அப்பம் நான் கிளம்புதேன்" என்றார். ஆவுடையம்மாளின் வாய் தானாகவே, "இருங்கண்ணே, என்ன அவசரம்" என்றது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"இதை நீ சொல்லுதியா, ஒன் பழக்கம் சொல்லுதா?" என்று கேட்டார் அவர்.

அவள் யோசித்தாள். பல் போன இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே யோசித்தாள். "பழக்கம்ணே" என்றாள். "போயிட்டு வாங்க. ஆடி அமாவாசைக்கு வாங்க. ரெண்டு நாள் இருங்க. மூணாம் நாள் எட்டரை பஸ்ஸுக்கு நானே ஏத்தி விடுதேன்." அவர் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததைத் தெருவே பார்த்தது.

அன்று மத்தியானம் ஆவுடையம்மாள் உள்ளறையில் நட்டநடுவில் கையையும் காலையும் பரத்திப் போட்டுப் படுத்தாள். ஃபேனை அஞ்சில் வைத்தாள். குளிர்ந்தது. இரண்டில் வைத்துவிட்டுத் தூங்கினாள், சாயங்காலம் வேலைக்குப் போகவில்லை. சந்தோசமாக இருந்தது. இரண்டாம் நாளும் சந்தோசமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் ஒரு தம்ளர் காப்பி கூடுதலாகப் போட்டுவிட்டு, அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தாள். பத்தாம் நாள் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். அவள் மனசு அண்ணனைத் தேடியது. இதை அவள் எந்தப் பல்லிலும் ஒளித்து வைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் வாயைத் திறந்தபடி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆடி அமாவாசைக்கு அவர் வந்தார். அதே தோல்பை, கையில் ஒரு மஞ்சப்பை நிறைய எலுமிச்சை. மரம் ரெண்டும் பட்டுப்போகவில்லை, கவனிக்க ஆளில்லாத ஆங்காரத்தில் காய்த்துத் தள்ளியிருந்தன. ரெண்டு நாள் இருந்தார். பூசணிக்கொடியில் இரண்டாவதாகப் பிடித்த காயில் கூட்டு வைத்தாள். இருவரும் தின்றார்கள், எந்தப் பேச்சும் வரவில்லை, காய் வெறும் காயாகத்தான் இருந்தது. மூணாம் நாள் காலையில் அவர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அவள் இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், இருங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல்படிக்கு வந்து பார்த்தால் ஒரு கால் செருப்பைக் காணவில்லை.

தேடினார்கள். கட்டிலுக்கு அடியில் தேடினார்கள், கோழிக்கூட்டில் தேடினார்கள், அடுத்த வீட்டு நடையில் தேடினார்கள். ஆவுடையம்மாள்தான் அதிக மும்முரமாகத் தேடினாள். எட்டரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போன பிறகு, வாழைமரத்தடிச் சருகுக்குள் இருந்து செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, "நாய் இழுத்துப் போட்டிருக்குண்ணே" என்றாள்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் நாய் கிடையாது என்பது பதினோரு வருசம் அங்கே இருந்த பரமார்த்தலிங்கத்துக்குத் தெரியும்.

"சவத்து நாய்" என்று சொல்லிக்கொண்டே அவர் பையை இறக்கி வைத்தார்.